முன்பல்லுக்கு நிறம் பார்த்த கதை

என் மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே பழுப்பாக ஒரு கோடு விழுந்ததை முதலில் கவனித்தபோது, டீக் கறை என்றுதான் நினைத்தேன். உப்பு வைத்துத் தேய்த்தேன். எலுமிச்சைத் தோலால் தேய்த்தேன். பல் கூசியதே தவிர கோடு போகவில்லை. அடுத்த வருஷம் அது கறுத்தது. அதற்கடுத்த வருஷம் இரண்டு பல்லின் உள்ளோரத்திலும் கடுகு ஒட்டிக்கொண்ட மாதிரி புள்ளியாகி, பிறகு பள்ளமாகி, நாக்கு நுனி போய் உட்காருகிற அளவுக்கு வந்துவிட்டது. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடையில் எனக்கு வேலை. புடவை விரித்துக் காட்டுகிற வேலை இல்லை. போன் எடுக்கிற வேலை. வெளியூர் வாடிக்கையாளர்கள் கூப்பிடுவார்கள். கல்யாணத்துக்கு இன்ன நிறத்தில் உடல், இன்ன நிறத்தில் கரை வேண்டும் என்பார்கள். நான் அடுக்கிலிருந்து எடுத்துப் பார்த்து, அந்த நிறத்தை அவர்கள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வார்த்தையில் சொல்ல வேண்டும். சிவப்பு என்றால் போதாது. அரக்கா, தக்காளியா, குங்குமமா, மாதுளை முத்தா? பச்சை என்றால் கிளிப்பச்சையா, பாசிப்பச்சையா, வாழைக் குருத்தா? ஒரே புடவை கடை விளக்கில் ஒரு நிறம் காட்டும், வாசல் வெளிச்சத்தில் வேறு நிறம் காட்டும். அதையும் சொல்லிவிடுவேன். நான் சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்று எந்தப் புடவையும் திரும்பி வந்ததில்லை. எங்கள் வீட்டில் யாரும் தறியில் உட்கார்ந்ததில்லை. அம்மாவும் அப்பாவும் வயல் வேலைக்குப் போனவர்கள். நிறம் பார்க்கிற கண் எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது.

போன் வேலையில் ஒரு வசதி இருந்தது. என் வாயை யாரும் பார்க்க மாட்டார்கள்.

மற்ற இடங்களில் அப்படி முடியுமா? பேசும்போது மேலுதட்டைக் கீழே இழுத்து வைத்துக்கொள்ளப் பழகினேன். சிரிப்பு வந்தால் புடவை முந்தானை தானாக வாய்க்குப் போகும். சர்ச்சில் பாடும்போது தலையைக் குனிந்துகொள்வேன். பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள். ஞானஸ்நானம், கல்யாணம் என்று எந்தப் போட்டோவிலும் உதட்டை இறுக்கி, யாரோடோ சண்டை போட்டுவிட்டு வந்தவள் போல நிற்பேன். ஏழாவது படிக்கும் என் மகள் பள்ளிக்கூடத்தில் அம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுதினாள். "என் அம்மா நன்றாகச் சமைப்பார். நிறைய நிறங்களின் பெயர் தெரியும். ஆனால் அவருக்குச் சிரிப்பு வராது" என்று மூன்றாவது வரி. டீச்சர் அதற்கு நேராகச் சிவப்பு மையில் சரி போட்டிருந்தார். நோட்டை மூடி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றேன். எனக்குச் சிரிப்பு நிறைய வரும் என்பதை அந்தப் பெண்ணுக்கு எப்படிச் சொல்வது?

டாக்டரிடம் போவதுதானே என்று கேட்கலாம். பயம்தான். ஆறாவது படிக்கும்போது எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பல் முகாம் என்று வந்தார்கள். எனக்குக் கடைவாயில் ஒரு பல் சொத்தை. மரப்பு ஊசி போட்டார்கள், அது பிடிப்பதற்குள் இடுக்கியைப் போட்டுவிட்டார்கள். வரிசை நீளம், அவர்களுக்கு அவசரம். இரண்டு பேர் என் தோளைப் பிடித்திருந்தார்கள். நான் கத்தியதைக் கேட்டு வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற பாதிப் பேர் சுவர் ஏறி ஓடிவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்கள். அன்றிலிருந்து பல் டாக்டர் பலகை தொங்குகிற வாசலைத் தாண்டும்போதுகூட எதிர்ப்பக்கமாக நடப்பவள் நான். டாக்டரிடம் போனால் முன்பல் இரண்டையும் பிடுங்கிவிடுவார்கள், போகாவிட்டால் கறுப்போடு காலம் போகும், அவ்வளவுதான் என்று முடிவு கட்டியிருந்தேன்.

இப்படி இருக்கும்போது கடையில் வீடியோ வந்தது.

முதலாளியின் மருமகள் தெலுங்கு பேசுகிற வீட்டிலிருந்து வந்தவள். கெட்டிக்காரி. மாடி அறையை வெள்ளையடித்து, வட்ட விளக்கு ஒன்று வாங்கி நிறுத்தி, செல்போனை அதன் நடுவில் மாட்டினாள். இனிமேல் புடவையை நேரலையில் காட்டி விற்கலாம் என்றாள். என்னிடம் வந்தாள்.

"அக்கா, நீங்கதான் பேசணும். கஸ்டமருங்க எல்லாருக்கும் உங்க வாய்ஸ் தெரியும். முகத்தையும் பாத்தா இன்னும் நம்பிக்கை வரும்."

"எனக்குக் கேமரான்னா கூச்சம் மேடம். வராது."

"ரெண்டு நாள்ல பழகிடும் அக்கா."

"வேணாம் மேடம். வேற யாரையாவது வெச்சுக்கோங்க."

கௌரவம் பார்க்கிறேன் என்று நினைத்திருப்பாள். அடுத்த முறை என்னைக் கேட்கவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். அழகாகச் சிரித்தாள், நன்றாகப் பேசினாள், ஆனால் மயில்கழுத்து நிறத்தை நீலம் என்றாள், மாந்துளிரைக் காப்பிக் கலர் என்றாள். கேமராவும் அதன் பங்குக்கு நிறத்தை மாற்றிக் காட்டியது. முதல் மாதமே ஐந்தாறு புடவைகள் திரும்பி வந்தன. நான் கீழே உட்கார்ந்து திரும்பி வந்த பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். 'வாழைக் குருத்து' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது திரும்பி வந்திருக்காதே என்று நினைத்துக்கொள்வேன். அந்தப் பெண் மீது கோபம் இல்லை. என் மீதுதான்.

அந்தக் கோபம் மட்டும் என்னை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்த்திருக்காது. அதைச் செய்தது ஒரு மிளகு.

முதலாளி வீட்டிலிருந்து சில நாள் கோயில் இட்லி வரும். கடையில் வேலை செய்கிற எல்லோருக்கும், எந்தக் கோயிலுக்குப் போகிறவரானாலும், ஒரு துண்டு உண்டு. மந்தார இலை வாசனையோடு, முழு மிளகு போட்டு, கைக்கு மெத்தென்று இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைக் கடித்தேன். 'டக்'கென்று ஒரு சத்தம். மிளகைக் கடித்துவிட்டேன் என்று நினைத்தேன். துப்பிப் பார்த்தால் உள்ளங்கையில் மிளகும் இருந்தது, பக்கத்தில் அரிசி நொய் போல வெள்ளையாக ஒன்றும் இருந்தது. நாக்கால் தொட்டேன். இடப்பக்கத்து முன்பல்லின் மூலை இல்லை.

கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் பார்த்தேன். சாய்வாக உடைந்திருந்தது. உள்ளே கறுப்பு நன்றாகத் தெரிந்தது. நான் அழவில்லை. வாயை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்து, அடித்துக்கொண்டிருந்த போனை எடுத்தேன்.

சேலத்திலிருந்து ஒரு பழைய வாடிக்கையாளர். வழக்கம் போல, "வணக்கம், சொல்லுங்க" என்றேன். 'சொ' என்கிற இடத்தில் காற்று உடைந்த மூலை வழியாக விசிலடித்தது. அந்த அம்மா, "போன்ல ஏதோ சத்தம் வருதே. நீங்கதானா பேசறது?" என்றார்கள். நான்தான் என்றேன். அதிலும் விசில். "குரல் வேற மாதிரி இருக்கு, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்கள்.

போனில்கூட இனி ஒளிய முடியாது என்று அப்போது தெரிந்தது.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டுக்கும் ஏனாத்தூருக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காலையில் காலேஜ் பிள்ளைகள், மத்தியானம் ஊர்க்காரர்கள். அன்று சாயந்திரம் என்னை ஏற்றிக்கொள்ளக் கடைவாசலுக்கு வந்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்தேனே தவிர வாய் திறக்கவில்லை.

"இன்னாமா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குது? யாராவது எதுனா சொன்னாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"பின்ன இன்னா? வாயத் தொறந்து சொல்லு."

திறந்து காட்டினேன். வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. "வலிக்குதா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். "அப்ப வீட்டுக்குப் போவல. நேரா டாக்டர்கிட்ட போறோம்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

ரயில்வே ரோட்டுப் பக்கம் ஒரு மருந்துக் கடைக்கு மேலே அந்தப் பல் கிளினிக். மாடிப்படியின் ஐந்தாவது படி வரைக்கும் ஏறினேன். மேலிருந்து மருந்து வாசனை வந்தது, கூடவே பல்லைக் குடைகிற கருவியின் மெல்லிய 'ஙீ' என்கிற சத்தம். அவ்வளவுதான். திரும்பி இறங்கி, ஆட்டோவில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பிறகு வண்டியை ஓரிக்கைக்கு, எங்கள் வீட்டுக்கு ஓட்டினார்.

மறுநாள் காலையில் நான் கடைக்குக் கிளம்புவதற்குள் அவர் ஒரு சவாரி போய்விட்டு வந்திருந்தார். "நேத்து நான் மட்டும் மேல போய்க் கேட்டுக்கினு வந்திருக்கணும். இப்பப் போய்க் கேட்டேன்" என்றார். "லேடி டாக்டர்தான். சின்னப் பொண்ணு. நம்ம ஊருதான். பல்லு புடுங்குவீங்களான்னு கேட்டேன். பாக்காம எதுவும் சொல்ல மாட்டேன், ஆனா அவங்க சம்மதம் இல்லாம தொடக்கூட மாட்டேன்னு சொல்லுச்சு. வந்து சும்மா பேசிட்டுப் போவச் சொல்லுச்சு. பேச மட்டும் போலாமா?"

பேச மட்டும் என்றால் சரி என்றேன்.

டாக்டருக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். என்னை அந்தச் சாய்வு நாற்காலியில் உட்காரச் சொல்லவில்லை. மேஜைக்கு எதிரே சாதாரண நாற்காலியில் உட்கார வைத்தாள். பள்ளிக்கூட முகாமில் நடந்ததைச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அப்ப உங்களுக்கு மரத்துப் போற வரைக்கும் யாரும் வெயிட் பண்ணல. பயம் இருக்கத்தான் செய்யும்மா" என்றாள். "இங்க ஒண்ணு சொல்லிடறேன். எப்ப வேணாலும் இடது கையத் தூக்குங்க. நான் என்ன பண்ணிட்டிருந்தாலும் நிறுத்திடுவேன். எதுக்குன்னு கேக்க மாட்டேன்."

பிறகு நானாகத்தான் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சின்னக் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். ஒரு எக்ஸ்ரே எடுத்தாள், நகத்தளவு படம். கம்ப்யூட்டரில் அதைப் பெரிதாக்கிக் காட்டினாள். இரண்டு பல்லின் உள்ளோரத்திலும் நிழல் போல இருந்தது.

"இது சொத்தை. இது நரம்பு. பாத்தீங்களா, நடுவுல இன்னும் இடம் இருக்கு. நரம்பத் தொடல. பிடுங்கவும் வேணாம், வேர் சிகிச்சையும் வேணாம். சொத்தைய மட்டும் எடுத்துட்டு, உங்க பல்லு நிறத்துலயே அடைச்சு, உடைஞ்ச மூலையையும் கட்டிடலாம்."

"வெள்ளிக் கலர்ல அடைப்பாங்களே, அது மாதிரியா?"

"இல்லம்மா. பல்லு மாதிரியே இருக்கும். நீங்களே சொன்னாத்தான் அடைச்சதுன்னு தெரியும்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பல் போகாது என்கிற ஒரு சொல்லுக்காக எத்தனை வருஷம் காத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, நான் அழுவதைக் கண்டு, "இன்னா டாக்டர், புடுங்கணுமா?" என்று பதறினார்.

டாக்டர் என்னிடம் இன்னொன்று கேட்டாள். "எப்பவும் வாயில ஏதாவது இனிப்பு வெச்சிட்டிருப்பீங்களா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாள் முழுக்கப் போனில் பேசித் தொண்டை வறண்டுவிடும் என்று பெப்பர்மிண்ட் மிட்டாய் ஒன்றை முன்பல்லுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டே இருப்பேன். ஒன்று கரைந்தால் இன்னொன்று. நாலைந்து டீ வேறு. "அதான்" என்றாள். "சர்க்கரை நாள் முழுக்க அந்த ஒரே இடத்துல ஊறிட்டே இருந்திருக்கு. இனிமே தொண்டைக்குத் தண்ணி போதும்மா." திட்டுகிற தொனி இல்லை. அதனாலேயே சுருக்கென்று தைத்தது.

திங்கட்கிழமை காலையில் வரச் சொன்னாள். வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன்.

முதலில் நிறம் பார்க்க வேண்டும் என்றாள். ஒரு நீளப் பட்டையை எடுத்தாள். அதில் வரிசையாகப் பல் வடிவத்தில் சின்னச் சின்ன மாதிரிகள், ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தில். ஒன்றை என் பல்லுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். இன்னொன்றை வைத்தாள். "இது சரியா இருக்கும்" என்று அந்த எண்ணை எழுதப் போனாள்.

"டாக்டர், எனக்கு ஒரு கண்ணாடி குடுக்கறீங்களா?"

கொடுத்தாள். பார்த்தேன். தலைக்கு மேலே அந்தப் பெரிய வெள்ளை விளக்கு. அந்த வெளிச்சத்தில் எந்த நிறத்தை நம்புவது? நான் கட்டியிருந்த சந்தன நிறப் புடவையே அதன் கீழே வெளிறிக் கிடந்தது. சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கினேன். பதினாறு வருஷமாகப் போனில் நிறம் சொல்லிப் பழகிய வாய், சும்மா இருக்கவில்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க. இந்த லைட்ல நிறம் பாக்க முடியாது. சன்னல்கிட்ட வெச்சுப் பாக்கலாமா?"

டாக்டர் கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றாள். இருவரும் ரோட்டைப் பார்த்த சன்னலுக்குப் போனோம். பத்து மணி வெளிச்சம், வெயில் நேராக விழாத பக்கம். நான் வாயைத் திறந்துகொண்டு நின்றேன். கீழே பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்ற நினைப்புக்கூட அப்போது இல்லை. அவள் முன்பு எடுத்த மாதிரியை வைத்தாள்.

"வெள்ளை ஜாஸ்தி" என்றேன்.

"ஆமா" என்றாள். "லைட்ட அணைச்சுட்டுத்தான் பாத்திருக்கணும். அவசரத்துல விட்டுட்டேன்." அடுத்ததை வைத்தாள். அது மஞ்சள் தூக்கலாக இருந்தது. மூன்றாவதை வைத்தபோது இரண்டு பேரும் கண்ணாடியில் ஒன்றாகப் பார்த்தோம்.

"நடுப்பல்லுக்கு இது சரி டாக்டர். ஆனா ஈறு பக்கம் மஞ்ச கொஞ்சம் ஏறுது. நுனி அப்படி இல்ல. நுனியில வெள்ளையே இல்ல, லேசா ஒரு சாம்பல் நீலம் ஓடுது."

டாக்டர் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுத்து என்னைப் பார்த்தாள். "அம்மா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். சிரித்துவிட்டாள். "அதானே பாத்தேன். காலேஜ்ல இதச் சொல்லிக் குடுக்க எங்களுக்கு ஒரு வருஷம் ஆச்சு." பல் ஒரே நிறம் இல்லை, உள்ளே ஒரு நிறம், மேலே ஒரு நிறம், நுனியில் வெளிச்சம் ஊடுருவும், அதனால் மூன்று வகை அடைப்புப் பசையை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கப் போகிறேன் என்று விளக்கினாள். எள்ளளவு எடுத்து என் பல்லின் மேல் ஒட்டி, நீல விளக்கைக் காட்டி இறுக வைத்து, அது பொருந்துகிறதா என்று மறுபடியும் சன்னலுக்கு அழைத்துப் போனாள். பொருந்தியது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, "இப்பப் போலாமா?" என்றாள்.

ஊசி போடுவதற்கு முன் ஈறில் இனிப்பாக ஒரு களிம்பைத் தடவினாள். பிறகு ஊசி. எறும்பு கடித்த மாதிரி ஒன்று, அப்புறம் மேலுதடு தடித்துக்கொண்டே போனது. மூக்கு நுனிகூட மரத்தது. நிஜமாகவே காத்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தபடி, பட்டில் எந்த நிறத்துக்கு இப்போது கிராக்கி என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கூர்முனையால் ஈறைத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டாள். தெரியவில்லை.

'ஙீ' சத்தம் என் வாய்க்குள்ளேயே கேட்டபோது கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. வலி இல்லை. வலி வரப்போகிறது என்கிற நினைப்புதான். அரை நிமிஷம் தாங்கினேன். கை தானாக மேலே போனது.

சத்தம் நின்றது. அந்த நொடியே நின்றது. அவள் கருவியை வெளியே எடுத்துவிட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. மேலே மின்விசிறி சுற்றுவது கேட்டது. நான் மூச்சு விட்டேன். இன்னொரு மூச்சு விட்டேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை; எழுந்து போகலாம். போகலாம் என்று தெரிந்ததும் போக வேண்டியிருக்கவில்லை. தலையை ஆட்டினேன். அவள் மறுபடி ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு நான் கையைத் தூக்கவே இல்லை.

சொத்தையை எடுத்து முடித்ததும் புளிப்பாக ஒரு நீலக் களிம்பு, தண்ணீர், காற்று. பற்களுக்கு நடுவே கண்ணாடி போன்ற மெல்லிய தாளைச் சொருகினாள். கொஞ்சம் பசை, நீல விளக்கு. இன்னும் கொஞ்சம் பசை, மறுபடி விளக்கு. ஊசி நுனி போன்ற ஒரு கருவியால் மூலையை வடித்துக்கொண்டே இருந்தாள். தூரிகையால் கோலம் திருத்துகிற கவனம் அவள் கண்ணில் இருந்தது. கடைசியில் சின்ன வட்டத் தகடுகளால் தேய்த்து வழவழப்பாக்கினாள். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

"பாருங்க" என்று கண்ணாடியைக் கொடுத்தாள்.

மூலை வந்திருந்தது. கறுப்பு இல்லை. இரண்டு பல்லும் பக்கத்தில் பக்கத்தில், நடுவே ஒரு மெல்லிய கோடு மட்டும், எல்லோருக்கும் இருக்கிற மாதிரி. ஆனால் என் கண் வடிவத்தைப் பார்த்த வேகத்திலேயே நிறத்தைப் பார்த்தது. என் சொந்தப் பல் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. அடைத்த இடம் அதைவிட மங்கலாக, ஒட்டுப்போட்டது போல் தனியாகத் தெரிந்தது.

சன்னலருகே நின்று நானேதானே நிறம் சொன்னேன்? என் கண்ணே என்னைக் கைவிட்டுவிட்டதா?

"நிறம் சேரல டாக்டர்" என்றேன். மரத்த உதட்டில் அது 'நியம் சேயல' என்று வந்தது.

"இப்ப சேராதும்மா. ஒன்றரை மணி நேரமா வாயத் தொறந்தே வெச்சிருந்தீங்க, நானும் காத்து அடிச்சுட்டே இருந்தேன். பல்லு காஞ்சு போச்சு. காஞ்சா வெளுக்கும். எச்சில்ல ஊறி நாளைக்கு அதோட நிறத்துக்கு வந்துடும். அதுக்காகத்தான் மொதல்லயே, ஈரமா இருக்கறப்பவே நிறம் பாத்தோம். நாளைக்குப் பாத்துட்டு எனக்கு போன் பண்ணுங்க. சேரலன்னா எடுத்துட்டு வேற வெக்கறேன்."

சாயம் போட்ட பட்டு நூல் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம் என்று எனக்குத் தெரியும். சாயக்காரர் ஈர நூலைப் பார்த்து எதுவும் சொல்ல மாட்டார். ஆனாலும் இது என் பல். பாதி நம்பினேன், பாதி நம்பவில்லை. வீட்டுக்காரர் ஆட்டோவில் திரும்பிப் பார்த்து, "எங்க, காட்டு" என்றார். காட்டவில்லை. "நாளைக்கு" என்றேன். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்டாள். அவளுக்கும் நாளைக்குத்தான். இரண்டு நாளைக்கு டீ, மஞ்சள் போட்ட குழம்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் மோர் சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன்.

காலையில் வாயைக் கொப்பளித்துவிட்டு, கைக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். கிணற்றடியில் நல்ல வெளிச்சம். கிழக்கே பார்க்காமல் வடக்கே பார்த்து நின்றுகொண்டேன். மேலுதட்டை விரலால் தூக்கினேன்.

எங்கே அடைத்தாள் என்று தேடினேன். மூலை உடைந்தது இடப்பக்கமா, வலப்பக்கமா என்றுகூட ஒரு நொடி குழம்பியது. ஈறு பக்கத்து மஞ்சள் அப்படியே நடுவுக்கு இறங்கி, நுனியில் அந்தச் சாம்பல் நீலமாகி முடிந்தது. கட்டிய மூலையிலும் அதே நீலம். நகத்தால் தடவினேன். நாக்கால் தடவினேன். விளிம்பு எங்கும் தட்டவில்லை.

"ஏங்க!" என்று கத்தினேன். அவர் பல் துலக்கிய நுரையோடு ஓடி வந்தார். என்னவோ ஏதோ என்று மகளும் வந்தாள். நான் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் போட்டு, வாய் கொள்ளாமல். அவர் அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

"எந்தப் பல்லு?" என்றார்.

அதுதான் எனக்கு வேண்டியிருந்த கேள்வி. டாக்டருக்கு போன் செய்து, "சேர்ந்துடுச்சு" என்று ஒரு வார்த்தை சொன்னேன். 'ச' சுத்தமாக வந்தது. "எனக்குத் தெரியும்மா. இருந்தாலும் நீங்க சொல்ற வரைக்கும் எனக்கும் திக்குதிக்குன்னுதான் இருந்துச்சு" என்று அவள் சொன்னபோது, எனக்கு அவள் மீது இன்னும் பிரியம் கூடியது.

கடைக்குப் போன முதல் நாளே மாடியேறி, "மேடம், அந்த வீடியோ நான் பேசிப் பாக்கட்டுமா?" என்று கேட்டேன். மருமகள் என்ன நடந்தது என்று கேட்டாள். பல்லைப் பற்றி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அய்யோ அக்கா, நான் உங்களத் தலக்கனம்னு நெனச்சுட்டேனே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். வீடியோவில் பேசிக்கொண்டிருந்த அந்தச் சின்னப் பெண்ணையும் நீக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவள் புடவையை விரிப்பாள், நான் நிறம் சொல்வேன். வட்ட விளக்கை அணைத்துவிட்டு, தெருப்பக்கத்துச் சன்னலோரம் மேஜையைப் போட்டோம்.

மூன்றாவது வாரம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு அம்மா வீடியோ அழைப்பில் வந்தார்கள். பத்து வருஷமாக என் குரலை மட்டும் கேட்டவர்கள்.

"ஏனுங்க, நீங்கதானா அது? நான் வயசான அம்மாவா, கண்ணாடி போட்டுட்டு இருப்பீங்கன்னு நினைச்சிருந்தேனுங்க!"

"நானும் உங்கள ஒல்லியா இருப்பீங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன்மா" என்றேன். அவர்கள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நானும்தான். மகளின் கல்யாணத்துக்கு வெங்காயச் சருகு நிறத்தில் ஒன்று, மாம்பழ நிறத்தில் ஒன்று எடுத்துக்கொண்டார்கள். இரண்டும் திரும்பி வரவில்லை.

ஆறு மாதம் கழித்து டாக்டர் வரச் சொன்ன நாளில் நான் தனியாக பஸ்ஸில் போனேன். முன்பல் இரண்டும் நன்றாக இருந்தன. கடைவாயில் புதிதாக ஒரு சின்னச் சொத்தையைக் காட்டினாள். இப்போதே அடைத்துவிட்டால் பத்து நிமிஷ வேலை என்றாள். சரி என்று அப்போதே உட்கார்ந்து முடித்துக்கொண்டு, பதினொரு மணிக்கெல்லாம் கடைக்குத் திரும்பிவிட்டேன். கன்னம் மரத்தபடியே நாலு போன் எடுத்தேன். 'வாழைக் குருத்து' மட்டும் கொஞ்சம் குழறியது. பல் டாக்டரிடம் போய்விட்டு வந்தேன் என்று கூப்பிட்டவர்களிடம் நானே சொன்னேன்.